பாட்டு ஓரிடம், பேரேடு ஓரிடம்

போன செமஸ்டரில் எங்களுக்கு டேட்டாபேஸ் பாடம். அதில் தேர்வுக்குத் தேர்வு தலைகாட்டும் ஒரு விதி உண்டு. ஒரே தகவலை இரண்டு இடங்களில் எழுதி வைக்காதே, வைத்தால் என்றைக்காவது ஒருநாள் இரண்டும் வேறு வேறு பதில் சொல்லும். படிக்கும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதியை மீறாமல் பிழைக்கவே முடியாத ஒரு மென்பொருள் ஒரு காலத்தில் எல்லாருடைய கணினியிலும் இருந்தது. வேறென்ன, பாட்டுக் கேட்கும் பிளேயர்தான். வன்தட்டில் கிடக்கும் எம்பி3 கோப்புகள் ஒரு பக்கம். அவற்றைப் பற்றி பிளேயர் எழுதி வைத்திருக்கும் 'லைப்ரரி' இன்னொரு பக்கம். இந்த இரண்டையும் ஒத்துப்போக வைக்க எத்தனை பேர் எத்தனை விதமாக மல்லுக்கட்டினார்கள் என்பதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

மளிகைக் கடையை நினைத்துக்கொண்டால் விஷயம் சட்டென்று பிடிபடும். அலமாரியில் சரக்கு இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் இருப்புப் பேரேடு இருக்கிறது. பேரேட்டில் பத்து கிலோ துவரம்பருப்பு என்று எழுதியிருந்து, அலமாரியில் எட்டு கிலோதான் இருந்தால் எதை நம்புவது? சரக்கைத்தான் என்று எல்லோரும் சொல்வோம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது அல்லவா. ஆனால் பாட்டு விஷயத்தில் ஒரு சிக்கல். பேரேட்டில் மட்டுமே இருந்து அலமாரியில் எங்கேயும் இல்லாத சரக்கும் உண்டு. இந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டேன், எத்தனை நட்சத்திரம் கொடுத்தேன், எந்தப் பட்டியலில் எத்தனாவதாக வைத்தேன் என்பவை அவை. பாட்டை வேறு எங்கிருந்தாவது திரும்பப் பெறலாம். இவற்றைப் பெற முடியாது. எனவே "தட்டில் இருப்பதே உண்மை" என்றும் ஒரேயடியாகச் சொல்ல முடியவில்லை, "பேரேடு சொல்வதே உண்மை" என்றும் சொல்ல முடியவில்லை. கதை முழுக்க இந்த இழுபறிதான்.

ஆரம்பத்தில் பேரேடே கிடையாது. 1995இல் ஜெர்மனியின் ஃப்ரான்ஹோஃபர் ஆய்வு நிறுவனம் வின்பிளே3 என்ற பிளேயரை வெளியிட்டது. எம்பி3யை விண்டோஸ் கணினியில் நேரடியாக ஒலிக்கவிட்ட முதல் மென்பொருள் அது. அதனுடன் பிறந்ததுதான் எம்3யூ என்ற பட்டியல் கோப்பு. உள்ளே திறந்து பார்த்தால் ஒன்றும் இல்லை, வரிக்கு ஒரு கோப்பின் முகவரி, அவ்வளவுதான். நோட்பேடிலேயே எழுதலாம். 1997இல் ஜஸ்டின் ஃப்ராங்கெலும் டிமிட்ரி போல்டிரெவும் வின்ஆம்ப் கொண்டுவந்தபோதும் அதே எம்3யூதான். சில நூறு பாட்டுகள், ஒரு ஃபோல்டர், இழுத்துப் போட்டால் பாடும். கோப்பு எங்கே இருக்கிறதோ அதுவே லைப்ரரி.

இதிலும் ஓட்டை இருந்தது. டி டிரைவில் இருக்கிறது என்று எம்3யூவில் எழுதியிருக்கும். கணினியில் இன்னொரு வன்தட்டைச் சொருகினால் டி என்பது ஈ ஆகிவிடும். மொத்தப் பட்டியலும் செத்துப்போகும். பாட்டு ஒன்றும் ஆகவில்லை, அதன் முகவரிதான் பொய்யாகிவிட்டது. ஒரு பாட்டை அதன் முகவரியால் அடையாளம் காண்பது என்ற பழக்கம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. பின்னால் வந்த பாதித் தொல்லைக்கு இதுதான் வேர்.

அப்போதே இன்னொரு விஷயமும் நடந்தது. 1996இல் எரிக் கெம்ப் என்பவர் எம்பி3யின் வாலில் 128 பைட் சேர்த்து அதில் பாட்டின் பெயர், பாடியவர், ஆல்பம் எல்லாவற்றையும் எழுதும் ஏற்பாட்டைச் செய்தார். ஐடி3 என்று பெயர். பெயருக்கு 30 எழுத்து, பாடியவருக்கு 30, ஆல்பத்துக்கு 30, வருடத்துக்கு 4, குறிப்புக்கு 30, வகைக்கு ஒரே ஒரு பைட். மீதி 3 பைட்டில் 'டேக்' என்ற மூன்று ஆங்கில எழுத்துகள். அடுத்த ஆண்டு மைக்கேல் முட்ஷ்லர் குறிப்புப் பகுதியிலிருந்து இரண்டு பைட்டைப் பிடுங்கி டிராக் எண்ணுக்கு இடம் பண்ணினார். சரக்கு மூட்டையின் மேலேயே சீட்டு ஒட்டுகிற வேலை இது. 1998இல் வந்த இரண்டாம் பதிப்பு சீட்டைக் கோப்பின் தலைக்கு மாற்றி, அளவு வரம்பையும் தளர்த்தியது. எத்தனை முறை கேட்டது, எவ்வளவு பிடித்தது என்பதற்குக்கூட அதில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். எல்லா பிளேயரும் அதைப் பயன்படுத்தியிருந்தால் இந்தப் பதிவுக்கே பாதி வேலை குறைந்திருக்கும். பயன்படுத்தவில்லை. ஒரு காரணம் நியாயமானதுதான். ஒவ்வொரு முறை பாட்டு முடியும்போதும் கோப்பைத் திறந்து எழுதினால், நடுவில் மின்சாரம் போனால் பாட்டே கெட்டுப்போகலாம். சீட்டு தலையில் இருப்பதால், அது ஒதுக்கிய இடத்துக்கு மேல் வளர்ந்தால் முழுக் கோப்பையும் மறுபடி எழுத வேண்டும்.

வன்தட்டு பெரிதாகி, பாட்டுகள் ஆயிரக்கணக்கில் சேர்ந்ததும் 'இந்தப் பாடகர் பாடியதை மட்டும் காட்டு' என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதற்காக ஒவ்வொரு முறையும் ஐயாயிரம் கோப்புகளைத் திறந்து சீட்டைப் படிக்க முடியாது. ஒருமுறை படித்துத் தனியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். பேரேடு பிறந்துவிட்டது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, கிட்டத்தட்ட மறந்துபோன ஒரு இயங்குதளத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பிஓஎஸ். ஆப்பிளிலிருந்து வெளியேறிய ழான்-லூயி கஸே ஆரம்பித்த பி நிறுவனத்தின் தயாரிப்பு. அதன் ஆரம்பப் பதிப்புகளில் கோப்பு முறைமை தனி, கோப்புகளைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் டேட்டாபேஸ் தனி. அதாவது நம் மியூசிக் பிளேயரின் தலைவலி ஒரு இயங்குதளத்துக்கே வந்திருந்தது! கோப்பை அழித்தால் டேட்டாபேஸுக்குத் தெரியாது. இரண்டையும் ஒத்துப்போக வைக்க முடியாமல் திணறினார்கள். 1996 செப்டம்பரில் டொமினிக் ஜியாம்பாவ்லோ, சிரில் மெரியோன் என்ற இரண்டு பொறியாளர்கள் உட்கார்ந்து, சுமார் பத்து மாதத்தில் புதிய கோப்பு முறைமையையே எழுதினார்கள். இதில் டேட்டாபேஸ் தனியாக இல்லை. கோப்பு முறைமையே டேட்டாபேஸ். ஒவ்வொரு கோப்போடும் எத்தனை விவரங்களை வேண்டுமானாலும் ஒட்டி வைக்கலாம், அவற்றுக்கு இண்டெக்ஸ் போடலாம், கேள்வி கேட்கலாம். கேள்வியை விட்டு வைத்தால் அது உயிரோடு இருக்கும். இந்தப் பாடகரின் பாட்டு ஒன்று தட்டுக்கு வந்தவுடன் திறந்திருக்கும் ஜன்னலில் தானாகத் தோன்றும். அழித்தவுடன் மறையும். ஸ்கேன் இல்லை, ரெஃப்ரெஷ் இல்லை.

பேரேட்டையும் அலமாரியையும் ஒன்றாக்கிவிட்டார்கள். என்னைக் கேட்டால் இந்தப் பிரச்சினைக்கு இதுவரை கண்டுபிடித்ததில் மிக அழகான தீர்வு இதுதான். ஆனால் அழகு வாசலைத் தாண்டவில்லை. அந்தக் கோப்பை ஒரு ஃபேட் வடிவத் தட்டுக்கு நகலெடுத்தால், ஒட்டியிருந்த விவரங்கள் எல்லாம் உதிர்ந்துவிடும். அந்த வீட்டுக்குள் இருக்கும்வரைதான் அந்த வசதி. பி நிறுவனமும் நிலைக்கவில்லை, 2001இல் அதன் சொத்துகளை பாம் நிறுவனம் வாங்கிக்கொண்டது. இதே கனவை மைக்ரோசாஃப்ட்டும் கண்டது. வின்எஃப்எஸ் என்ற பெயரில் 2003இல் பெரிதாக அறிவித்தார்கள், 2004 ஆகஸ்டில் அடுத்த விண்டோஸிலிருந்து அதைக் கழற்றினார்கள், 2006 ஜூனில் கைகழுவினார்கள். அத்தனை பெரிய நிறுவனத்தாலேயே முடியாததை பத்து மாதத்தில் இரண்டு பேர் எழுதியிருந்தார்கள் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நியாயம் இல்லை. விண்டோஸ் சுமக்க வேண்டிய பழைய சுமை வேறு. பிஓஎஸ்ஸின் வாரிசான ஹைக்கூவில் அந்தக் கோப்பு முறைமையை இன்றைக்கும் பார்க்கலாம்.

சரி, ஊரெல்லாம் பார்த்த கதைக்கு வருவோம். மேக் கணினியில் சவுண்ட்ஜாம் எம்பி என்ற பிளேயர் 1999இல் வந்தது. அடுத்த ஆண்டு ஆப்பிள் அதை வாங்கி, தட்டிக்கொட்டி, 2001 ஜனவரி 9 அன்று ஐடியூன்ஸ் என்று அறிவித்தது. ஐடியூன்ஸின் கொள்கை தெளிவு. பேரேடே எஜமான். நீங்கள் கோப்புகளைப் பற்றிக் கவலைப்படவே வேண்டாம், அது எந்த ஃபோல்டரில் இருந்தால் உங்களுக்கென்ன என்ற மனப்பான்மை. ஒழுங்காக அடுக்கி வை என்ற தேர்வைப் போட்டுவிட்டால், பாட்டின் பெயரை ஐடியூன்ஸில் திருத்தியவுடன் தட்டில் இருக்கும் கோப்பின் பெயரும் மாறும். பாடகர் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஆல்பத்துக்கு ஒரு ஃபோல்டர் என்று அதுவே அடுக்கும். பேரேட்டில் எழுதினால் அலமாரியில் சரக்கு நகர்கிறது!

ஒரு திசையில் மட்டும் ஓடும் தெரு அது. நீங்களாகப் போய் அலமாரியில் ஒரு மூட்டையை நகர்த்தினால் ஐடியூன்ஸுக்குத் தெரியாது. பாட்டைச் சொடுக்கும்போதுதான் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி முளைக்கும். மூலக் கோப்பைக் காணோம், நீங்களே தேடித் தருகிறீர்களா என்று கேட்கும். அந்தக் காலத்து ஐடியூன்ஸ் பயனர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த ஆச்சரியக்குறி அது. மேக்கில் இந்தத் தொல்லை கொஞ்சம் குறைவு. ஏனென்றால் அங்கே ஐடியூன்ஸ் வெறும் முகவரியை மட்டும் நம்பவில்லை. ஏலியாஸ் என்று ஒன்று உண்டு, கோப்பின் உள் எண்ணையும் சேர்த்து நினைவில் வைத்திருக்கும். அதே தட்டுக்குள் கோப்பை எங்கே நகர்த்தினாலும் பெரும்பாலும் கண்டுபிடித்துவிடும். 2003 அக்டோபரில் விண்டோஸுக்கு ஐடியூன்ஸ் வந்தபோது அந்த வசதி கூட வரவில்லை. அங்கே முகவரி மாறினால் ஆள் மாறியது போலத்தான்.

பயனர் என்ன செய்வார்? நகர்த்திய ஃபோல்டரை மறுபடி லைப்ரரியில் சேர்ப்பார். இப்போது ஒவ்வொரு பாட்டும் இரண்டு முறை. ஒன்றில் ஆச்சரியக்குறியும் ஐந்து நட்சத்திரமும் இருக்கும், பாடாது. இன்னொன்று பாடும், ஆனால் கேட்ட கணக்கு பூஜ்யம். உயிர் ஒரு வரியில், நினைவு ஒரு வரியில். லைப்ரரியிலிருந்து ஒன்றை நீக்கப் போனால் ஐடியூன்ஸ் ஒரு கேள்வி கேட்கும்: கோப்பைத் தட்டிலேயே வைக்கவா, குப்பைக்கு அனுப்பவா? அவசரத்தில் தவறான பொத்தானை அழுத்தினால் தொலைந்தது. அந்த ஒரு கேள்விப் பெட்டிதான் இந்த மொத்த வரலாற்றின் சுருக்கம் என்று எனக்குத் தோன்றும்.

புதுக் கோப்புகளைத் தானாகக் கவனித்துச் சேர்க்கும் வேலையை ஐடியூன்ஸ் ரொம்பக் காலம் செய்யவே இல்லை. 2009 செப்டம்பரில் வந்த 9ஆம் பதிப்பில்தான் தனியாக ஒரு ஃபோல்டர் கொடுத்தார்கள். அதில் போட்டால் எடுத்துக்கொள்ளும். அப்போதும் உங்கள் ஃபோல்டரை அது கவனிக்கவில்லை. தன் வாசலில் ஒரு கூடை வைத்து, அதில் போடு என்றது.

இதே கொள்கையின் உச்சம் 2001 அக்டோபர் 23 அன்று அறிமுகமான ஐபாட். 5 கிகாபைட் தட்டு. கணினியில் செருகினால் வெளித்தட்டு போலவே பயன்படுத்தலாம். ஆனால் எம்பி3 கோப்பை இழுத்து அதில் போட்டால் பாடாது. ஐடியூன்ஸ்டிபி என்ற பேரேட்டில் அந்தப் பாட்டு எழுதப்பட்டிருந்தால்தான் ஐபாடுக்கு அது பாட்டு. பிற்பாடு வந்த ஐபாடுகளில் கோப்பின் பெயரும் அர்த்தமில்லாத நான்கு எழுத்துகளாக மாற்றப்பட்டது. பர்மா பஜார் வகையறா சீன எம்பி3 பிளேயர்களில் இந்தப் பிரச்சினையே கிடையாது, ஃபோல்டரில் என்ன இருக்கிறதோ அதைப் பாடும், அவ்வளவுதான். தானாக ஒத்திசைக்கும் தேர்வில் இருந்த ஐபாடுக்கு, கணினி லைப்ரரியில் இல்லாதது தன்னிடமும் இருக்கக்கூடாது. வேறு ஒருவர் கணினியில் செருகினால், இதை அழித்துவிட்டு இந்த லைப்ரரியோடு ஒத்திசைக்கவா என்று கேட்கும். வன்தட்டு செத்துப்போய், பாட்டுகள் ஐபாடில் மட்டுமே மிச்சம் இருந்த மனிதர்கள் அந்தக் கேள்வியைப் பார்த்து எப்படி வியர்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

லினக்ஸ் பக்கம் நேர் எதிரான கட்சி. 2003இல் ஆரம்பித்த எம்பிடி என்ற பிளேயருக்கு தட்டில் இருக்கும் அடைவு அமைப்பே வேதம். ஒரு சாதாரண எழுத்துக் கோப்பில் பட்டியல் வைத்திருக்கும். புதுப்பி என்று சொன்னால் அடைவுகளைச் சுற்றி வந்து, எந்தக் கோப்பின் திருத்த நேரம் மாறியிருக்கிறதோ அதை மட்டும் மறுபடி படிக்கும். காணாமல் போனதைப் பட்டியலிலிருந்து அடித்துவிடும். அந்தப் பட்டியலையே நீங்கள் அழித்தாலும் நஷ்டமில்லை, மறுபடி உருவாக்கிக்கொள்ளும். நேர்மையான வழி.

ஆனால் 'புதுப்பி' என்று ஒவ்வொரு முறையும் யார் சொல்வது? கோப்பு மாறினால் இயங்குதளமே தகவல் சொன்னால் நன்றாக இருக்குமே என்று நினைத்தார்கள். லினக்ஸில் அதற்கு முதலில் இருந்தது டிநோட்டிஃபை. அதன் கோளாறு வேடிக்கையானது. கண்காணிக்க வேண்டிய ஒவ்வொரு அடைவையும் திறந்தே வைத்திருக்க வேண்டும். திறந்திருக்கும் அடைவு உள்ள தட்டைக் கழற்ற முடியாது. யூஎஸ்பி தட்டில் இருக்கும் பாட்டுகளை பிளேயர் அக்கறையோடு கவனித்துக்கொண்டே இருக்கும், அந்த அக்கறையாலேயே தட்டை உருவ முடியாது! ராபர்ட் லவ்வும் ஜான் மெக்கட்சனும் எழுதிய ஐநோட்டிஃபை 2005 ஆகஸ்டில் 2.6.13 கெர்னலில் சேர்ந்தது. தட்டைக் கழற்றினால் அது சண்டை போடாமல் விலகிக்கொள்ளும். ரிதம்பாக்ஸ் போன்றவை இதை வைத்து 'என் ஃபோல்டரைக் கவனித்துக்கொள்' என்ற தேர்வைக் கொடுத்தன.

அதிலும் குறை உண்டு. ஒரு அடைவைக் கவனி என்றால் அதை மட்டும் கவனிக்கும், உள்ளே இருக்கும் துணை அடைவுகளைக் கவனிக்காது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகக் காவல் போட வேண்டும். ஒரு பயனருக்கு 8192 காவல்கள் என்பது ரொம்ப நாள் வழக்கமான வரம்பு. பெரிய சேகரிப்பு உள்ளவர்கள் அதைத் தாண்டிவிடுவார்கள். நெட்வொர்க் தட்டில் வேறொரு கணினி செய்த மாற்றம் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பிளேயர் ஓடாத நேரத்தில் நடந்தது எதுவும் தெரியாது. காவலாளி தூங்கும்போது திருட்டுப் போனால் யாரைக் கேட்பது? விண்டோஸ் 2000இன் என்டிஎஃப்எஸ்ஸிலும், 2007இல் மேக்கின் லெப்பர்ட் பதிப்பில் வந்த எஃப்எஸ்ஈவென்ட்ஸிலும் இதற்கு வழி இருந்தது. நடந்த மாற்றங்களைத் தட்டிலேயே ஒரு நாட்குறிப்பாக எழுதி வைப்பார்கள். பிளேயர் திறந்தவுடன், நான் கடைசியாகப் பார்த்ததற்குப் பிறகு என்ன நடந்தது என்று கேட்டுக்கொள்ளலாம்.

இதைவிட ஆபத்தான பொறி ஒன்று உண்டு. பாட்டுகள் வெளித்தட்டில் இருக்கின்றன என்று வையுங்கள். தட்டைச் செருக மறந்துவிட்டு பிளேயரைத் திறக்கிறீர்கள். தட்டே உண்மை என்று நம்பும் பிளேயர் அந்த ஃபோல்டரைப் பார்க்கும். காலி. ஓஹோ, பத்தாயிரம் பாட்டையும் அழித்துவிட்டார் போல என்று பேரேட்டைச் சுத்தமாகத் துடைத்துவிடும். தட்டைச் செருகியவுடன் பாட்டு திரும்பி வரும், ஆனால் ஐந்து வருடமாகச் சேர்த்த நட்சத்திரங்கள் வராது. 'இல்லை' என்பதும் 'இப்போது கண்ணில் படவில்லை' என்பதும் ஒன்றல்ல என்று மென்பொருளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. மார்க் க்ரெட்ஷ்மன் 2003இல் ஆரம்பித்த அமரோக் பிளேயர் தன் 1.4 வரிசையில் இதைச் செய்தது. எந்தப் பாட்டு எந்தத் தட்டைச் சேர்ந்தது என்று தட்டின் அடையாளத்தோடு குறித்து வைத்து, தட்டு இல்லாதபோது பாட்டுகளை மறைக்கும், அழிக்காது. ரிதம்பாக்ஸும் காணாமல் போனவற்றைத் தனிப் பட்டியலில் ஒதுக்கி வைக்கும்.

அமரோக் இன்னொரு பெரிய கேள்வியையும் தொட்டது. ஒரு பாட்டு 'அதே பாட்டு' என்பதற்கு என்ன அடையாளம்? முகவரியா? நகர்த்தினால் போச்சு. கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட கைரேகையா? நகர்த்தினாலும் நிலைக்கும், ஆனால் சீட்டில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்தினால் கோப்பின் பைட்டுகள் மாறி கைரேகையும் மாறிவிடும். அப்படியானால் சீட்டில் இருக்கும் பெயரா? 2002இல் பீட்டர் பாவ்லோவ்ஸ்கி வெளியிட்ட ஃபூபார்2000க்கான கேட்பு எண்ணிக்கைத் துணைநிரல் இந்த வழியில் போகிறது, பாடகர், ஆல்பம், தலைப்பு எல்லாம் ஒன்றாக இருந்தால் அதே பாட்டு. கோப்பை எங்கே வேண்டுமானாலும் நகர்த்தலாம். ஆனால் வேறொரு மென்பொருளில் பெயரைத் திருத்தினால் கணக்கு அறுந்துவிடும். அமரோக் ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு அடையாள எண் உண்டாக்கி, முகவரி மாறி அதே எண் வேறு இடத்தில் தென்பட்டால் பழைய கணக்கை அங்கே மாற்றிக்கொடுத்தது. எந்த வழியை எடுத்தாலும் ஒரு பக்கம் இடிக்கத்தான் செய்கிறது. நமக்கு அதே பாட்டு என்பது காதில் விழுந்தவுடன் தெரிகிறது, இயந்திரத்துக்கு இத்தனை பாடு.

நம் தமிழுக்கு இதில் ஒரு தனிப் பங்கு உண்டு. 'மோகனம்' என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறீர்கள். யூனிகோடில் 'மோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ம, பிறகு ஓகாரக் குறி என்று ஒரே குறியாக. அல்லது ம, பிறகு ஏகாரக் கொம்பு, பிறகு துணைக்கால் என்று இரண்டு குறிகளாக. திரையில் இம்மியளவும் வித்தியாசம் தெரியாது. முதல் விதத்தில் அந்தப் பெயர் யூடிஎஃப்-8இல் 18 பைட், இரண்டாவதில் 21 பைட். மேக்கின் பழைய ஹெச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை எல்லாவற்றையும் பிரித்துத்தான் எழுதும். லினக்ஸ் கொடுத்தபடியே வைத்துக்கொள்ளும். லினக்ஸில் இருந்த கோப்பை மேக்குக்கு எடுத்துப் போய் மறுபடி லினக்ஸுக்குக் கொண்டுவந்தால், ஒரே ஃபோல்டரில் இரண்டு 'மோகனம்' உட்கார்ந்திருக்கலாம். எம்3யூவில் எழுதிய முகவரி கண்ணுக்குச் சரியாக இருக்கும், பாட்டு மட்டும் கிடைக்காது. ஒகரம், ஓகாரம், ஔகாரம் வரும் பெயர்களுக்கு மட்டும்தான் இந்தத் தண்டனை. 'கல்யாணி' தப்பித்துவிடும் :-) 2017இல் மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் எழுதியபடியே வைத்துக்கொள்கிறது என்பது ஆறுதல். தமிழ்ப் பாட்டுக் கோப்புகளுக்கு ஆங்கில எழுத்திலேயே பெயர் வைக்கும் வழக்கம் இருந்ததால் நம்மில் பலர் இதைக் கவனிக்காமலே தப்பித்தோம் என்று நினைக்கிறேன்.

2010இல் அட்ரியன் சாம்ப்சன் வெளியிட்ட பீட்ஸ் எனக்கு ரொம்பப் பிடித்த பதில். தானாக எதையும் ஒத்திசைக்கிறேன் என்று அது பசப்புவதில்லை. இரண்டு கட்டளைகள் உண்டு. ஒன்று தட்டில் இருப்பதைப் படித்துப் பேரேட்டைத் திருத்தும். மற்றது பேரேட்டில் இருப்பதைத் தட்டில் இருக்கும் கோப்பில் எழுதும். இந்தத் தடவை யார் சொல்வது உண்மை என்று நீங்களே ஒவ்வொரு முறையும் சொல்லிவிட வேண்டும். கட்டளை வரியில் தட்டத் தெரியாதவர்களுக்கு ஆகாது, அது வேறு விஷயம்.

பெரிய நிறுவனங்கள் எதிர்த்திசையில் போயின. 2011 நவம்பரில் ஐடியூன்ஸ் மேட்ச், 2015 ஜூன் 30 அன்று ஆப்பிள் மியூசிக். இப்போது பேரேடு இரண்டல்ல, மூன்று இடம். தட்டில் ஒன்று, கணினி லைப்ரரியில் ஒன்று, மேகத்தில் ஒன்று. ஆப்பிள் மியூசிக்கின் ஆரம்ப நாட்களில் உங்கள் பாட்டையும் தங்கள் பாட்டையும் பொருத்திப் பார்க்க, ஒலியைக் கேட்காமல் சீட்டில் எழுதியிருந்ததை மட்டும் பார்த்தார்கள். கச்சேரியில் பதிவு செய்த வடிவத்துக்குப் பதிலாக ஸ்டுடியோ வடிவம் வந்து நிற்கும் என்ற புகார்கள் வந்தன. 2016இல்தான் ஒலியின் கைரேகையை வைத்துப் பொருத்தும் முறைக்கு மாறினார்கள். அதே ஆண்டு மே மாதம், தானே இசையமைத்த பாட்டுகள் உட்பட 122 கிகாபைட் கோப்புகள் தன் கணினியிலிருந்து காணாமல் போய்விட்டன என்று அமெரிக்க இசையமைப்பாளர் ஒருவர் எழுதியது உலகம் பூராவும் பேசப்பட்டது. அவரிடம் தனியாக நகல் இருந்தது, தப்பித்தார். மிகச் சில பயனர்களின் கோப்புகள் அவர்கள் அனுமதியில்லாமல் நீக்கப்பட்டதாகப் புகார் வந்திருக்கிறது, காரணத்தை எங்களால் மீண்டும் உண்டாக்கிப் பார்க்க முடியவில்லை, ஆனாலும் கூடுதல் பாதுகாப்பு சேர்க்கிறோம் என்ற பொருளில் ஆப்பிள் பதில் சொன்னது. சில நாளில் 12.4 பதிப்பு வந்தது. காரணம் எதுவாகவும் இருக்கட்டும். எத்தனை இடத்தில் உண்மை இருக்கிறதோ அத்தனை இடத்திலிருந்தும் 'அழி' என்ற சொல் வரலாம், பாட்டு என்னவோ ஒரே இடத்தில்தான் இருக்கிறது.

2019 அக்டோபரில் மேக்கின் கேட்டலினா பதிப்போடு அங்கே ஐடியூன்ஸ் மூன்று செயலிகளாக உடைந்தது. அதற்குள் பெரும்பாலோர் ஸ்ட்ரீமிங்குக்குப் போய்விட்டார்கள். அங்கே தட்டு என்பதே நம்முடையதல்ல. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் பாடல்கள் ஒப்பந்தச் சிக்கலால் ஸ்பாட்டிஃபையிலிருந்து விலகியபோது, அந்தப் பாட்டுகள் இருந்த பட்டியல்களில் வரி இருந்தது, பாட்டு இல்லை. அதே பழைய ஆச்சரியக்குறிதான், சாம்பல் நிறத்தில்.

இன்னும் கோப்புகளைக் கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் இருக்கிறார்கள், நானும் ஒருவன். வீட்டில் ஒரு பழைய கணினியை சர்வராக வைத்து நாவிட்ரோம் என்ற இலவச மென்பொருளை ஓட்டுகிறேன். 2025இல் வந்த அதன் 0.55 பதிப்பில் ஸ்கேன் செய்யும் பகுதியை முழுவதுமாகத் திருப்பி எழுதியிருக்கிறார்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் நிலையான ஒரு அடையாளம். கோப்பை வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினால் நட்சத்திரமும் கேட்ட கணக்கும் கூடவே போகும். கோப்பைக் காணவில்லை என்றால் உடனே பேரேட்டிலிருந்து அடிக்காமல், காணவில்லை என்று குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். நீங்கள் போய்த்தான் நீக்க வேண்டும். பதிப்பு வந்த வாரமே என் 'இளையராஜா' ஃபோல்டரை வேண்டுமென்றே தட்டில் வேறொரு இடத்துக்கு மாற்றி ஸ்கேன் ஓட்டிப் பார்த்தேன். 1,140 பாட்டில் ஒரு நட்சத்திரம்கூட உதிரவில்லை.